தேருக்கு வயர் கழற்றத் தெரிந்தவர்

பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் கேபிள் அண்ணன் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர், அக்குளில் இடுக்கியிருந்த நீள நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அம்மாவக் கூப்பிடுங்க தங்கச்சி" என்றார். அம்மா வந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பிப்ரவரியோடு நெட்டை நிறுத்துகிறார். நாங்கள் மே முடியப் பணம் கட்டியிருந்தோம். மாதம் 500, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 590. ஓடாத மூன்று மாதத்துக்கு 1,770 ரூபாய். நோட்டில் எங்கள் கதவு எண்ணுக்கு நேரே அதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து எண்ணி எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

"இருக்கட்டும் தம்பி. இத்தன வருஷம் ராத்திரி பகல் பாக்காம ஓடி வந்தீங்க. இதப் போய்த் திருப்பிக் குடுத்துக்கிட்டு."

"இல்லம்மா. ஓடாத மாசத்துக் காசு. நான் வச்சுக்கக் கூடாது."

கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த நோட்டில் நானூறு வீடுகளுக்கு மேல் இருந்தன. பையன்களை அனுப்பியிருக்கலாம், கூகுள் பேயில் போட்டிருக்கலாம். எல்லா வீட்டுக்கும் அவரே போனார். இணையச் சேவை உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் கம்பெனி வாடிக்கையாளர்களுக்கு 30 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று அரசின் உரிம ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. அண்ணன் உரிமம் பெற்றவர் இல்லை, திருச்சியில் உரிமம் வைத்திருந்த ஒரு கம்பெனியின் கீழ் மன்னார்குடியில் நடத்தியவர். அந்த நிபந்தனை அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக எங்களுக்கு அவகாசம் கொடுத்தார்.

எனக்கு இந்த வயர்தான் பிழைப்பு. ஊரில் சின்னக் கடைகள், உர வியாபாரிகள், ஒன்றிரண்டு ரைஸ் மில்லுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்கிறேன், வீட்டிலிருந்தே. மாதாமாதம் 11ஆம் தேதி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி வரி கட்டும் படிவமான 3பி. 20ஆம் தேதி ராத்திரி லைன் போனால், விடிந்ததும் ஒவ்வொரு கடைக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஓட ஆரம்பிக்கும். அந்தக் காசு பெரிதில்லை. "நீ பாத்துப்பன்னுதானே குடுத்தேன்" என்று ஒரு கடைக்காரர் சொல்லும் நிலை வந்துவிடக் கூடாது. கேபிள் அண்ணன் இருந்தவரை அப்படி ஒரு நாள் வந்ததில்லை. 20ஆம் தேதி என்றால் எங்கள் தெருவில் எந்த வேலையையும் அவர் மறுநாளைக்குத் தள்ளிவிடுவார். நான் கேட்டு அல்ல. ஒருமுறை நான் பதறியதைப் பார்த்தவர், தேதியை நினைவில் வைத்துக்கொண்டார்.

அவர் தொண்ணூறுகளில் டிஷ் வைத்துத் தெருவுக்கு டிவி கேபிள் இழுத்தவர். எங்கள் வீட்டில் முதலில் இருந்தது தொலைபேசிக் கம்பி வழியாக வந்த பிராட்பேண்ட். 2005இல் நாட்டில் அது பரவியபோது 256 கேபிபிஎஸ் என்பதே வேகம் என்று பெயர் பெற்றிருந்தது. மழை பெய்தால் லைனில் கரகரவென்று சத்தம் வரும், நெட் விழுந்துவிடும். பிறகு அண்ணன் மாடிக்கு மாடி நீல நிற லேன் வயர் இழுத்து நெட் கொடுத்தார். ஐப்பசி இடிக்கு மாடியில் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டிகள் வரிசையாகக் கருகும். அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாமல்தான் ஃபைபருக்கு மாறினார்.

ஃபைபர் எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்கு விளங்க வைத்தவரும் அவர்தான். அவருடைய அலுவலகத்தில் ஓஎல்டி என்று ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கண்ணாடி இழை கிளம்பும். வழியில் கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இரண்டாகப் பிரித்தாலே ஒளியின் பலம் பாதியாகும், அவர்கள் பேச்சில் மூன்று டிபி போய்விடும். எட்டாகப் பிரித்தால் பத்து டிபி. கடைசியில் நம் வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு மைனஸ் 27க்குக் கீழே போனால், சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டும். மைனஸ் 19, 20 வந்தால் அண்ணன் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். ஒரு இழையில் மொத்தம் இரண்டரை ஜிபிபிஎஸ் இறங்கும், அதை எத்தனை வீட்டுக்குப் பங்கு போடுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் சாயங்கால வேகம். எங்கள் இழையில் எத்தனை வீடு என்று கேட்டால் உடனே எண்ணிக்கையைச் சொல்வார். இப்போது வந்திருக்கும் கம்பெனியிடம் இதே கேள்வியைக் கேட்டேன். கேள்வி புரியவே மூன்று பேரிடம் மாற்றினார்கள்.

இந்த முறையில் நடுவழியில் எங்கும் கரண்ட் தேவையில்லை. இரண்டு முனையிலும் இருந்தால் போதும். அந்த உண்மையை நான் கண்ணால் பார்த்தது கஜா புயலில்.

2018 நவம்பர் 16 விடியற்காலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல் எங்கள் ஊரைத் தாண்டி மேற்கே போனது. விடிந்து பார்த்தால் தெருவில் மின்கம்பங்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. சுற்றுப்பட்டு ஊர்களில் தென்னை மொத்தமும் போயிற்று. செல்போன் டவர்கள் முதல் நாளே அடங்கிவிட்டன. என் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். டிவியில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, எங்கள் குரலைக் கேட்க முடியாமல் இரண்டு நாள் தவித்திருக்கிறான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கேபிள் அண்ணன் வந்தார். கையில் பைக் பேட்டரி ஒன்று. கம்பம் விழுந்தாலும் அதில் தொங்கிய ஃபைபர் பல இடத்தில் அறுபடவில்லை, அறுந்த இடங்களை இரண்டு நாளாகப் பையன்களோடு சேர்த்திருக்கிறார். அலுவலகத்தில் ஜெனரேட்டர். எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட், பைக் பேட்டரி கொடுப்பதும் 12 வோல்ட். அடாப்டர் வயரை வெட்டி, சிவப்பைச் சிவப்போடும் கருப்பைக் கருப்போடும் முறுக்கினார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா தம்பியிடம் பேசினார். பேசினார் என்பதைவிட இரண்டு பேரும் அழுதார்கள். அன்று ராத்திரி வரை தெருவில் இருபது குடும்பமாவது எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் திருப்பூருக்கும் பேசியது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது பதினோராம் நாள்.

அந்த மாதத்துக்கு அண்ணன் யாரிடமும் பணம் வாங்கவில்லை. புயலில் போன கேபிளுக்கு அவருக்கு யாரும் நஷ்ட ஈடு கொடுத்ததாகவும் தெரியவில்லை.

பிறகு ஏன் நிறுத்துகிறார்? அதையும் திண்ணையிலேயே கேட்டேன். ஒரே காரணம் இல்லை. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வந்தது, அடுத்த ஆண்டே 399 ரூபாய்க்குத் திட்டம் போட்டார்கள். நெட்டோடு சேர்த்து ஓடிடி கொடுக்கிறார்கள். 2023இல் வயரே இல்லாமல் 5ஜி வழியாக மாடியில் ஒரு பெட்டி வைத்துக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. இவர் மேலே இருக்கும் பெரிய கம்பெனியிடம் நெட்டை மொத்தமாக விலைக்கு வாங்கி நமக்குச் சில்லறையாக விற்கிறவர். மொத்த விலைக்குக் கீழே சில்லறையில் விற்க முடியாது. வயர் இழுக்கும் பையன்களுக்கு மாதச் சம்பளம். காற்று அடித்தால் செலவு, ரோடு தோண்டினால் செலவு, எலி கடித்தால் செலவு. "கொரோனாவுல வீட்டுக்கு வீடு கேட்டாங்க தங்கச்சி, கடன் வாங்கி லைன் போட்டேன். ஸ்கூல் திறந்ததும் பாதிப் பேரு வேணாம்னுட்டாங்க. கடன் மட்டும் அப்படியே நின்னுச்சு." கடைசியாக, அவருக்கு மேலே இருந்த திருச்சிக் கம்பெனியே கையை விரித்துவிட்டது. இவர் நடத்த நினைத்தாலும் நடத்த முடியாது.

சரி, வேறு லைன் பார்க்க வேண்டும். மார்ச் வரை காத்திருந்தால் ஆகாது என்று பிப்ரவரி முதல் வாரமே ஆரம்பித்தேன். முதலில் கேட்ட கம்பெனியின் ஆள் மறுநாளே வந்தார், மொட்டை மாடி வரை ஏறிப் பார்த்தார், ஆப்பில் பணம் கட்டச் சொன்னார். கட்டினேன். ஐந்து நாள் கழித்து, எங்கள் தெருப் பெட்டியில் வயர் செருகும் போர்ட் காலி இல்லை என்று குறுஞ்செய்தி வந்தது. பெட்டியைத் திறந்து பார்க்காமலே பணத்தை வாங்கியிருக்கிறார்கள். அது திரும்பி வர மூன்று வாரம் ஆனது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: போர்ட் இருக்கிறதா என்று ஆள் நேரில் பார்த்துச் சொன்ன பிறகு பணம் கொடுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று சலுகையில் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். முதலில் ஒரு மாதம் கட்டி ஓட்டிப் பாருங்கள். பழைய லைன் உயிரோடு இருக்கும்போதே புதியதை வாங்கிப் பத்து நாளாவது இரண்டையும் வைத்திருங்கள். அந்தப் பத்து நாளுக்குள் ஒரு 20ஆம் தேதி வருவது போல நான் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது கம்பெனி 14ஆம் தேதி வந்தது. வந்த பையனை எனக்குத் தெரியும். நாலு வருஷம் அண்ணனிடம் வேலை பார்த்தவன், இப்போது புதுக் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் லைன் போடுகிறான். "அக்கா, பழைய ஓட்டையிலேயே விட்டுர்றேன்" என்று சுவரில் வேறு துளை போடாமல் வயரை உள்ளே கொண்டுவந்தான். வாசல்படியில் துண்டை விரித்து, இழைகளை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினை வைத்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மேலுறையை உரித்தால் முடியைப் போல மெல்லியதாக ஒரு இழை. அதிலும் ஒளி ஓடும் பகுதி 9 மைக்ரான்தான். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தான், கிளீவரில் வைத்து ஒரு அமுக்கு, முனை நேராக வெட்டுப்பட்டது. இரண்டு முனைகளையும் மெஷினுக்குள் வைத்து மூடினான். சின்னத் திரையில் அவை இரண்டு தண்டவாளம் போலப் பெரிதாகத் தெரிந்தன. மெல்ல நகர்ந்து ஒன்றை ஒன்று நெருங்கின, ஒரு மின்னல், நடுவே கோடு மறைந்துவிட்டது. இழப்பு 0.02 டிபி என்று காட்டியது. "ஒட்டினதே தெரியலயே" என்றார் அம்மா. வெட்டி எடுத்த துணுக்குகளை ஒரு டேப்பில் ஒட்டி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். காலில் குத்தினால் எடுக்க முடியாதாம். அண்ணன் சொல்லிக்கொடுத்த பழக்கம் என்றான்.

அவன் வேலை செய்துகொண்டிருந்தபோது எனக்கு ஒன்று மனதை உறுத்தியது. அதே கம்பத்தில், அதே ஓட்டை வழியாக, அதே மாதிரி இழை ஒன்று ஏற்கெனவே எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. மைனஸ் 20 காட்டும் நல்ல கண்ணாடி. இன்னும் எத்தனையோ வருஷம் உழைக்கும். மார்ச் 1 முதல் அது குப்பை. நானூறு வீட்டிலும் குப்பை. செல்போன் எண்ணை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எந்தக் கம்பெனிக்கும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு வரும் வயருக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக இழுக்கிறது, கம்பங்கள் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஆகிவிட்டன. 2004இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அரசு நிறுவனங்களின் தொலைபேசிக் கம்பியை மற்ற கம்பெனிகளுக்கும் வாடகைக்குத் திறந்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்கவில்லை. அன்று அது நடந்திருந்தால், கம்பி ஒருவருடையது, அதில் ஓடும் சேவை வேறொருவருடையது என்ற பழக்கம் நமக்கு வந்திருக்கும். அண்ணன் நெட் விற்பதை நிறுத்தினாலும், அவர் போட்ட கண்ணாடிக்கு மாதம் ஒரு வாடகை அவருக்கு வந்துகொண்டிருக்கும். யாராவது ஒரு அதிகாரி இதைப் படித்தால் இந்த ஒரு பத்தியையாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாற்றம் வீட்டுக்குள் எளிதாகவே முடிந்தது, ஒரு காரியத்தைத் தவிர. புது ரௌட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வைத்துவிட்டேன். போன், டிவி, பிரிண்டர் எல்லாம் எதுவும் நடக்காதது போலத் தாமாகச் சேர்ந்துகொண்டன. எளிய வேலை, ஆனால் இதைச் செய்யாமல் ஒவ்வொரு பொருளாக மாற்றி அவதிப்பட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

சேராத காரியம், கேமரா. அம்மா கீழே விழுந்த வருஷம், தம்பி சிங்கப்பூரிலிருந்து பார்ப்பதற்காகக் கூடத்திலும் வாசலிலும் கேமரா வைத்தோம். அவனுக்கு ராத்திரி பத்து மணி என்றால் இங்கே ஏழரை. வேலை முடிந்து வந்து, அம்மா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போன் செய்வான். லைன் மாறிய அன்று அவனுக்கு எதுவும் தெரியவில்லை. "அக்கா, வீட்டுல என்ன ஆச்சு?" என்று பதறிக் கூப்பிட்டான்.

அண்ணன் எங்கள் வீட்டுக்கென்று, வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய ஒரு பொது ஐபி முகவரி கொடுத்து, கேமராவுக்கு ரௌட்டரில் வழி திறந்து வைத்திருந்தார். தனிக் காசு வாங்கவில்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. புதுக் கம்பெனி கொடுத்தது 100.64 என்று தொடங்கும் முகவரி. பழைய முறை முகவரிகள் உலகத்துக்கே ஏறத்தாழ 429 கோடிதான், அதனால் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார்கள். பெரிய காம்பவுண்டுக்கு ஒரே வாசல் மாதிரி. உள்ளே இருக்கிறவர் வெளியே போய் வரலாம், வெளியிலிருந்து வருகிறவருக்கு எந்த வீடு என்று தெரியாது. தனி முகவரி வேண்டுமானால் மாதம் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றார்கள். நான் கட்டவில்லை. கேமரா கம்பெனியின் ஆப்பில், பெட்டியின் கீழே ஒட்டியிருந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, அவர்களுடைய சர்வர் வழியாகப் பார்க்கும்படி மாற்றினேன். இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு ராத்திரியும் அம்மாவுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்து, அவர் தூங்கப் போகும் வரை வீடியோவை ஓடவிட்டோம். லைன் மாற்றும் முன் உங்கள் வீட்டில் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்து, அதை முதலில் கேட்டுவிடுங்கள்.

மற்றபடி புது லைன் வேகமானது. 40 எம்பிபிஎஸ் இருந்த இடத்தில் 100 வருகிறது, பணம் கிட்டத்தட்ட அதேதான். 20ஆம் தேதி 3பி எல்லாம் தடையில்லாமல் போனது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

அப்புறம் பங்குனி வந்தது. ராஜகோபால சுவாமி கோயில் பங்குனிப் பெருவிழா 18 நாள். தேர் அன்று வீதியில் கரண்டை நிறுத்துவார்கள், குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றுவார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் தேர் வீதியைக் கடந்துதான் வர வேண்டும். அண்ணன் இருந்தவரை முந்தின நாளே ஏணியோடு வந்து, குறுக்கு வயரை ஒரு பக்கக் கம்பத்தில் அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிடுவார். தேர் நிலைக்கு வந்த ராத்திரியே திரும்பக் கட்டிவிடுவார். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எங்களுக்கு நெட் இருக்காது, அது தெருவுக்கே தெரியும்.

தேருக்கு மூன்று நாள் முன்பு புதுக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். எதிர்முனையில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். "மேடம், உங்க இன்டர்நெட் இப்ப வேலை செய்யுதா?" என்றார். செய்கிறது என்றேன். "வேலை செய்யற கனெக்‌ஷனுக்குப் புகார் பதிவு பண்ண முடியாது மேடம்." தேர் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அதைப் பதிவு செய்ய அவருக்கு முன்னால் இருந்த திரையில்தான் இடமில்லை. லைன் போட்ட பையனைக் கூப்பிட்டேன். அவனைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாற்றியிருந்தார்கள்.

தேர் எங்கள் முனைக்கு வந்தபோது முன்னால் போனவர்கள் கழியால் வயரைத் தூக்கிப் பார்த்தார்கள், எட்டவில்லை. ஒருவர் அறுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, தேரை நிறுத்தி வைக்க முடியாது. அறுந்த முனை தெருவில் கால் உயரத்துக்குத் தொங்கியது. குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்துக்குள்ளிருந்து கேபிள் அண்ணன் வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் நாமம், தோளில் பேத்தி. பேத்தியை என்னிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொங்கிய வயரைக் கையளவு வளையமாகச் சுற்றினார். இழை முறியாமல் இருக்க வளையம் சின்னதாகிவிடக் கூடாது, பெரிதாகவே சுற்றினார். பக்கத்துக் கடையில் ஒரு சணல் துண்டு கேட்டு வாங்கி, கம்பத்தில் தலைக்கு மேலே உயர்த்திக் கட்டினார். கண்ணாடித் தூள் கையில் இருக்கிறதா என்று வெயிலில் பார்த்துக்கொண்டு, வேட்டி நுனியில் துடைக்காமல் என்னிடம் தண்ணீர் கேட்டுக் கழுவினார்.

"நாளைக்கு வருவானுங்களா தங்கச்சி?"

"நாப்பத்தெட்டு மணி நேரம்னு மெசேஜ் வந்திருக்கு அண்ணே."

அவர் கம்பத்தை இன்னொரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "வரவனுங்ககிட்டச் சொல்லுங்க. இந்தக் கம்பத்துலேர்ந்து நேரா இழுக்க வேணாம். அந்த மெடிக்கல் மாடியில நான் போட்ட கொக்கி இருக்கு. அதுல கட்டுனா அடுத்த வருஷம் தேரு அடியில போயிடும்."

பேத்தியை வாங்கிக்கொண்டு வடம் பிடிக்கப் போனார். நான் மெடிக்கல் ஸ்டோர் மாடியைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில், சுண்ணாம்பு அடித்து அடித்து வெளுத்துப்போய், ஒரு கொக்கி இருந்தது.